கடைப் பேரேடும் காவல் நிலையமும்



நம் ஆனேக்கல் பகுதியில் ஜிகணிக்கோ பொம்மசந்திராவுக்கோ வேலை தேடி வருகிற ஒரு பிள்ளை முதல் வாரத்திலேயே எத்தனை இடங்களில் தன்னை எழுதிக் கொடுக்கிறான் என்று பாருங்கள். தங்குகிற பி.ஜி.யில் ஆதார் ஜெராக்ஸ், சிம் வாங்குகிற கடையில் கைரேகை, மோதிரத்தை அடகு வைத்தால் அங்கே கையெழுத்து, முகவரி. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக அன்றாடம் வந்துபோகிறவர் டீக்குக்கூட போனில்தான் பணம் கட்டுகிறார். இந்த விவரமெல்லாம் இங்கே அமர்ந்திருக்கிற உங்களைப் போன்ற வணிகர்களின் கையில் இருக்கிறது. போலீஸ் வந்து கேட்டால் என்ன செய்வீர்கள்? அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பலரும் சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: "கேட்டா கொடுத்துடுவோம் சார், நமக்கு எதுக்கு வம்பு." அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். லைசென்ஸ், பார்க்கிங், இரவில் கடை அடைக்கும் நேரம் என்று நூறு காரியத்துக்கு ஸ்டேஷன் தயவு வேண்டியிருக்கிறது. ஆனால் நீங்கள் கொடுப்பது உங்கள் சொத்து அல்ல. நான் சொல்ல வந்தது அது ஒன்றுதான்.

இதை உச்ச நீதிமன்றம் 2004இலேயே சொல்லிவிட்டது. நம் பெங்களூருவில் தலைமையகம் வைத்திருக்கிற கனரா வங்கி வாதாடிய வழக்கு அது. முத்திரைச் சட்டத்தில் ஆந்திர அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. கலெக்டர் அனுமதித்த எவரும், தனியார் வசம் உள்ள ஆவணங்களையும் புகுந்து பார்க்கலாம், எடுத்துக்கொண்டும் போகலாம் என்றது அந்தத் திருத்தம். நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வாடிக்கையாளர் தன் தாளை வங்கியில் கொடுத்துவிட்டதாலேயே அதன் மேல் அவருக்குள்ள அந்தரங்க உரிமை போய்விடாது. உரிமை மனிதரைச் சார்ந்தது, தாள் இருக்கும் இடத்தைச் சார்ந்தது அல்ல என்றது. 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மில்லர் வழக்கில் நேர்மாறாகச் சொல்லியிருந்தது: வங்கியிடம் போன கணக்கு வங்கியுடையது, வாடிக்கையாளர் உரிமை கோர முடியாது என்று. நம் நீதிபதிகள் அதை எடுத்துப் பார்த்து, வேண்டாம் என்று தள்ளினார்கள். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

பிறகு 2017. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு யார் பெயரில் இருக்கிறது? கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற கே.எஸ். புட்டசாமி அவர்களின் பெயரில். ஆதாரை எதிர்த்து 2012இல் அவர் வழக்குப் போட்டபோது வயது 86. 2024இல் காலமானார்.

இனி சிக்கலான இடத்துக்கு வருகிறேன். ஆன்லைன் கிரிக்கெட் பந்தயம் பற்றிய ஒரு புகாரை விசாரித்த போலீஸ், பரிவர்த்தனை விவரம் கேட்டு போன்பே நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. கொடுக்க மாட்டோம், பணப் பரிமாற்ற முறைகள் சட்டம் ரகசியம் காக்கச் சொல்கிறது என்று நிறுவனம் கர்நாடக உயர் நீதிமன்றம் போனது. 2025 ஏப்ரலில் நீதிபதி எம். நாகபிரசன்னா மனுவைத் தள்ளுபடி செய்தார். வாடிக்கையாளரின் அந்தரங்கம், சட்டப்படி நடக்கும் புலன்விசாரணையை மறைக்கும் திரையாகக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். பணம் இழந்தவனுக்கும் நீதி வேண்டும் அல்லவா? ஆனால் இதைப் பலர் "போலீஸ் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்" என்று சுருக்கிக்கொண்டார்கள். தப்பு. அங்கே விசாரணை இருந்தது, எழுத்தில் நோட்டீஸ் இருந்தது, எந்தச் சட்டப் பிரிவின்கீழ் என்பதும் இருந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 94ஆம் பிரிவாகியிருக்கிறது. அதன்படி கேட்பதென்றால் ஒன்று நீதிமன்றத்தின் சம்மன் வேண்டும், இல்லையேல் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் எழுத்து மூல உத்தரவு வேண்டும். கான்ஸ்டபிள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் "அந்த ரூம் லிஸ்ட் போடுங்க" இரண்டிலும் சேராது.

அந்தச் சட்டத்திலேயே ஒரு வினோதம் உண்டு. தபால் நிலையத்தில் கிடக்கும் ஓர் அஞ்சலட்டையை விசாரணைக்காகப் பெற வேண்டுமானால் மாவட்ட மாஜிஸ்திரேட், தலைமை நீதித்துறை மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் இவற்றில் ஒன்றின் உத்தரவு வேண்டும். ஒருவருடைய ஓராண்டுப் பணப் பரிவர்த்தனையைப் பெற இன்ஸ்பெக்டரின் கையெழுத்தே போதும். அஞ்சலட்டையில் இருப்பதைவிட அந்தப் பட்டியலில் அவருடைய வாழ்க்கை எவ்வளவோ அதிகமாக இருக்கிறது: எந்த மருத்துவமனை, எந்தக் கோயில், யாருக்கு மாதாமாதம் பணம். இதற்கும் நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். நான் ஓயாமல் கேட்பேன்.

லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. லாஸ் ஏஞ்சலஸ் நகரில், போலீஸ் கேட்ட மாத்திரத்தில் தங்குவோர் பதிவேட்டைக் காட்டாத விடுதிக்காரர் மேல் வழக்குப் பாயும் என்று ஒரு நகர விதி இருந்தது. பட்டேல் என்ற பெயருள்ள நம் நாட்டு வம்சாவளி மோட்டல்காரர்கள் அதை எதிர்த்தார்கள். 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விதியைச் செல்லாதாக்கியது. கொடுக்கும் முன் நடுநிலையான ஒருவரிடம் ஆட்சேபிக்க வாய்ப்பு வேண்டும் என்றது. சிறு வணிகர்கள் வென்ற வழக்கு அது.

கேமரா பதிவின் கதை வேறு. கர்நாடகத்தின் 2017ஆம் ஆண்டுப் பொதுப் பாதுகாப்புச் சட்டப்படி, கூட்டம் அதிகம் வரும் நிறுவனங்கள் சி.சி.டி.வி. வைத்து 30 நாள் பதிவைக் காக்க வேண்டும், போலீஸ் கேட்டால் கொடுக்க வேண்டும். கொடுங்கள். எந்தத் தேதி, எந்த நேரம் என்று கேட்டு அந்தத் துண்டை மட்டும் கொடுங்கள்.

மற்றவற்றுக்கு நான் சொல்வது இதுதான். மரியாதையாகவே பேசுங்கள்: "ஐயா, க்ரைம் நம்பரோடு எழுதிக் கொடுங்க, உடனே தர்றேன்." கேட்டது ஒருவருடைய விவரம் என்றால் ஒருவருடையதை மட்டும் கொடுங்கள், நோட்டுப் புத்தகத்தையே தூக்கிக் கொடுக்காதீர்கள். கொடுத்ததன் நகலில் வாங்கியவர் கையெழுத்தைப் பெற்று வையுங்கள். உயிருக்கு ஆபத்து, காணாமல் போன குழந்தை என்றால் முதலில் உதவுங்கள், எழுத்தை அன்று மாலைக்குள் வாங்கிக்கொள்ளுங்கள். தேவையில்லாத ஆதார் ஜெராக்ஸை வாங்கவே வாங்காதீர்கள்.

ஒரு குறை மிச்சம் இருக்கிறது. இவ்வளவும் முறைப்படி நடந்தாலும், தன் விவரம் போலீஸிடம் போனது அந்த வாடிக்கையாளருக்குத் தெரியாது; சொல்ல வேண்டும் என்ற கடமையை 94ஆம் பிரிவு யார் மேலும் வைக்கவில்லை. விசாரணை முடிந்த பிறகாவது, குற்றமற்றவர் என்று தெரிந்த பிறகாவது, அவருக்கு ஒரு கடிதம் போக வேண்டும். ஆனேக்கல் வணிகர்கள் சேர்ந்து நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இதைக் கோரிக்கையாகக் கொடுப்பதென்றால், எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.