எல்லையைத் தாண்டும் வீட்டுச் சாமான்

அமெரிக்காவில் வீடு மாறுகிறவர்களில் பலர், நெடுந்தூரம் போனால்தான் அது மாநிலம் விட்டு மாநிலம் போவது என்று நினைக்கிறார்கள். சட்டம் பார்ப்பது தூரத்தை அல்ல, எல்லையை. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 600 கிலோமீட்டர். இரண்டும் கலிபோர்னியாவுக்குள் இருப்பதால் மாநில விதிதான். ஒரே பெருநகர வட்டாரத்தைத் தாண்டி வேறொரு மாநிலத்துக்குப் போனாலோ, தூரம் குறைவானாலும் மத்திய அரசின் சட்டம் வந்துவிடும். புறப்படும் இடமும் சேருமிடமும் ஒரே மாநிலத்தில் இருந்தாலும், லாரி வழியில் வேறொரு மாநிலத்துக்குள் புகுந்து போனால் அதற்கும் மத்திய சட்டமே.

அதே லாரி, அதே கட்டில், அதே பீரோ. எந்தச் சட்டமானால் என்ன என்று கேட்கலாம். சாமான் உடையும்போதுதான் வித்தியாசம் தெரியும். மத்திய விதிப்படி, முழு மதிப்புப் பாதுகாப்பு வேண்டாம் என்று வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்துவிட்டால், இழப்பீடு ஒரு பவுண்டு எடைக்கு 60 சென்ட் மட்டுமே. 50 பவுண்டு டிவிக்கு வெறும் 30 டாலர். அதே விதிதான் பாதுகாப்பும் தருகிறது: உத்தேசக் கட்டண மதிப்பீட்டில் 110 சதவீதம் கட்டியதும் லாரிக்காரர் சாமானை ஒப்படைத்தாக வேண்டும். இதெல்லாம் லாரிக்காரர் பாடு என்று விட்டுவிட முடியாது. கையெழுத்துப் போடுகிறவர் வீடு மாறுகிறவர்தான். ஆகவே லாரி போகும் பாதையைக் கேளுங்கள், எல்லை தாண்டுமானால் மத்தியப் போக்குவரத்துத் துறையின் பதிவு எண்ணைச் சரிபாருங்கள், பிறகு கையெழுத்திடுங்கள்.