பட்டம் கொடுப்பவர்கள் கணக்கும் கொடுக்க வேண்டும்

(மட்டாஞ்சேரியில் நடந்த குடும்பக் கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



பகலெல்லாம் மூட்டை சுமந்த தோளோடும், துணி வெளுத்த கையோடும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்றைய பேச்சு பல்கலைக்கழக நிர்வாகத்தைப் பற்றி என்று அறிவித்ததும், "நமக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்? கூலிப் பிரச்சினையைப் பேசுங்க" என்று ஒரு பெரியவர் வாசலிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறோம்.

நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தபால் வழியில் படித்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பகலில் கிடங்கிலும் கடையிலும் வேலை, இரவில் புத்தகம். தமிழிலேயே படிக்கலாம், தமிழிலேயே பரீட்சை எழுதலாம் என்று தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களை நம்பினோம். நம் தெருப் பெண் ஒருத்தி அப்படித்தான் பி.ஏ. முடித்தாள். தகப்பனார் சுமை தூக்குகிறவர். ஒவ்வொரு வருடக் கட்டணத்துக்கும் தாயின் கம்மல் அடகுக் கடைக்குப் போய் வந்தது. பட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனபோது, "இது செல்லுமா என்று எழுதி வாங்கி வா" என்றார்கள். படிப்பு மையத்துக்கு ஓடினாள், பூட்டிக் கிடந்தது. பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள், பதில் இல்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சொல்லவில்லை. அந்தக் கம்மலுக்கு யார் பதில் சொல்வது என்பதுதான் நம் கேள்வி. இது கூலிக் கேள்வி இல்லையா, பெரியவரே?

ஊரறிந்த ஒரு வரலாற்றைப் பார்ப்போம். சிதம்பரத்தில் 1929-ல் எழுந்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். நிறுவியவர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். அது செய்த நன்மையை மறைக்க மாட்டோம். தமிழிசைக்கு அது ஆற்றிய பணி பெரிது. 1979-ல் தொலைதூரக் கல்வி தொடங்கி, கல்லூரி வாசலை மிதிக்க முடியாதவர்களுக்கும் படிப்பைக் கொண்டுபோனது. ஆனால் சட்டம் எப்படி இருந்தது? இணைவேந்தர் பதவி நிறுவனர் குடும்பத்துக்கே உரியது. துணைவேந்தராக யார் வரலாம் என்று பெயர்ப் பட்டியல் கொடுப்பதும் அவரே. அரசு ஆண்டுதோறும் மானியம் கொடுத்தது. மாணவன் கட்டணம் கொடுத்தான். பணம் கொடுத்த இரு கூட்டத்தாருக்கும் கணக்குக் கேட்கும் இடம் இல்லை.

விளைவு 2012 நவம்பரில் வெடித்தது. பணமில்லை, சம்பளத்தைக் குறைக்கப் போகிறோம், ஆட்களையும் குறைக்கப் போகிறோம் என்றது நிர்வாகம். அப்போது அங்கே வேலை செய்தவர்கள் 12,000 பேருக்கும் மேல்! தேவைக்கு மேல் இத்தனை பேரை எடுத்தது பெருக்குகிற ஆயாவா, குமாஸ்தாவா? எடுத்தவர்கள் யாரோ, அவர்கள் சம்பளத்தில் கைவைக்கும் பேச்சே இல்லை. ஆசிரியரும் ஊழியரும் தெருவுக்கு வந்தார்கள். பல்கலைக்கழகம் மூடப்பட்டது. 2013 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரை நிர்வாகியாகப் போட்டது. அதே ஆண்டில் புதுச் சட்டம் வந்து, குடும்பத்தின் பிடி போனது. உபரி என்று கணக்கிட்ட ஆயிரக்கணக்கானோர் வெவ்வேறு ஊர்களின் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஊர் மாறுவது என்றால் என்னவென்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அரசு வந்துவிட்டது, எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தோம். தீரவில்லை, தோழர்களே. அங்கே மருத்துவக் கல்லூரி அரசின் கைக்கு வந்த பிறகும் எம்.பி.பி.எஸ். மாணவர்களிடம் வருடத்துக்கு 5 லட்சத்துக்கும் மேல் வாங்கினார்கள். மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் சில ஆயிரம்தான். 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். வாரக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. 2021-ல் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கட்டணம் இறங்கியது. ஏழாண்டுகளாக அந்தக் கோப்பைத் திறக்காதவர்கள், பிள்ளைகள் தெருவில் உட்கார்ந்ததும் திறந்தார்கள்.

இன்னொன்று நம் வயிற்றில் அடிப்பது. 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு பொது அறிவிப்பு விட்டது. அண்ணாமலையின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் என்றது. நாட்காட்டியைப் பாருங்கள்! அந்த ஆண்டுக்குப் பிறகு அறிவிப்பு வரும்வரை கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்கள் எத்தனை வீட்டுப் பிள்ளைகள்! மானியக் குழுவுக்கு ஏழு வருடம் நா எழவில்லையா? குடும்பம் நடத்தியபோது கணக்குக் கேட்க முடியவில்லை. அதிகாரிகள் நடத்தியபோது கேட்பார் இல்லை. நாற்காலியில் ஆள் மாறினார்கள், அவ்வளவுதான்.

இது அந்தப் பக்கத்துக் கதை என்று இங்கே யாரும் எண்ண வேண்டாம். களமசேரி எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் போய்விடலாம். 2023 நவம்பர் 25 அன்று கொச்சிப் பல்கலைக்கழகத்தில் பாட்டுக் கச்சேரிக்குக் கூடிய கூட்டம் நெரிந்து நான்கு இளம் உயிர்கள் போயின. போலீஸ் பந்தோபஸ்து வேண்டும் என்று பொறியியல் பிரிவின் முதல்வர் பதிவாளருக்கு எழுதிய கடிதம் போலீசுக்குப் போய்ச் சேரவில்லை என்று பின்னால் செய்தி வந்தது. ஒரு கடிதம், ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு! நிர்வாகம் என்கிறோமே, அது இந்தக் கடிதம்தான்.

தலைமையைத் தேர்ந்தெடுக்கிற லட்சணத்தையும் சொல்லிவிடுகிறோம். கேரளத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தை 2022 அக்டோபர் 21 அன்று உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. பலர் பெயர் கொண்ட பட்டியல் தர வேண்டிய குழு ஒரே ஒரு பெயரைத் தந்தது என்பது காரணம். இரண்டு நாளில் ஆளுநர் ஒன்பது துணைவேந்தர்களை ராஜினாமா செய்யச் சொன்னார். அரசு மறுத்தது. யார் நியமிப்பது என்பதில் இருந்த வேகம், நியமிக்கப்பட்டவர் யாருக்குப் பதில் சொல்வது என்பதில் இரு தரப்பிடமும் இல்லை.

கணக்குக் கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. துறைமுகத்தில் சாப்பா என்று உலோகத் துண்டுகளைக் கூட்டத்தின் நடுவே எறிவார்கள். பொறுக்கியவனுக்கு அன்று வேலை, மற்றவனுக்குப் பட்டினி. அதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று இதே மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டம் மூன்று தொழிலாளர்களைப் பலிகொண்டது. வேலையை எறிந்து கொடுக்காதே, முறையாகக் கொடு என்றுதான் அவர்கள் கேட்டார்கள். பட்டத்தையும் எறிந்து கொடுக்காதே, செல்லுமா செல்லாதா என்று முன்னாலேயே சொல்லிக் கொடு என்று நாம் கேட்கிறோம்.

எனவே வேலையைத் தொடங்குவோம். தபால் வழியில் படித்தவர்கள், படிக்கிறவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அறைக்கு வாருங்கள். சான்றிதழ் நகல், கட்டணம் கட்டிய ரசீது, சேர்ந்த ஆண்டின் விளம்பரம் இருந்தால் அதுவும். நீங்கள் சேர்ந்த ஆண்டில் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருந்ததா, இல்லையென்றால் கட்டணம் வாங்க உத்தரவிட்டது யார் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்போம். கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு, அதையும் எழுதுவோம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் நாலைந்து பேர் பேனாவோடு வந்தால் போதும். மூலச் சான்றிதழை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், எங்களிடமும்கூட. அந்தப் பெண்தான் முதல் மனுவை எழுதுகிறாள்.