ரௌட்டரின் கணக்கைப் படித்தல்



அச்சன்புதூரை அடுத்துள்ள மேக்கரையில் அடவிநயினார் அணை இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதன் நீர்மட்டம் ஏறும், இறங்கும்; பார்த்த அளவே அந்நேரத்து உண்மை. வீட்டு மின்மானியோ அவ்வாறன்று. அது ஏறிக்கொண்டே செல்லும்; இன்றைய எண்ணிலிருந்து நேற்றைய எண்ணைக் கழித்தால்தான் செலவு தெரியும். இணையத்துக்கு வழிகாட்டும் ரௌட்டர் என்னும் கருவிக்குள்ளும் இவ்விருவகை அளவுகளும் ஓயாது பதிவாகின்றன.

அவற்றை வெளியிலிருந்து கேட்டறிவதற்கு 1988-இல் ஒரு பொது ஒழுங்கு வகுக்கப்பெற்றது. எஸ்.என்.எம்.பி. என்பது அதன் பெயர். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் பணியகம் அமைத்த சோஹோ நிறுவனம், 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தோன்றிய தொடக்க ஆண்டுகளில் செய்து விற்றது இவ்வொழுங்கைச் சார்ந்த மென்பொருள்களையே. நம் வட்டாரத்தாரே பலர் அறியாத செய்தி இது.

இதனால் உங்களுக்கு என்ன? 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையவழியில் நடைபெறுகிறது. குறித்த காலத்துக்குள் விருப்பப் பட்டியலை அளித்தாக வேண்டும். அவ்வேளையில் திரை அசையாது நின்றால், பழுது வெளிக்கம்பியிலா, அல்லது பக்கத்து அறையில் எவரேனும் திரைப்படம் இறக்குகின்றனரா? ஊகித்துச் சண்டையிடுவதால் பயனில்லை.

பைத்தான் மொழியில் இருபது முப்பது வரிகள் போதும். பைஎஸ்என்எம்பி என்னும் ஆயத்தத் தொகுப்பும் உண்டு. உள்ளே வந்த பைட்டுகளின் எண்ணிக்கையை 60 விநாடிக்கு ஒருமுறை நிரல் கேட்கட்டும். வேறுபாடு 7,50,00,000 எனக் கொள்வோம். எட்டால் பெருக்கி 60-ஆல் வகுத்தால், விநாடிக்கு 1 கோடி பிட். நாம் பணம் கட்டியதும் அவ்வேகத்துக்கே என்றால், தடம் நிரம்பிவிட்டது, கம்பியின்மேல் குறையில்லை. ஓட்டம் சிறிதாயிருந்தும் பக்கம் திறக்கவில்லையெனில், பிழையுற்ற பொதிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது வளர்ந்தால் அத்தடத்தை ஐயுறலாம்.

கழித்தல் மூன்றாம் வகுப்புப் பாடந்தான். ஆயினும் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய 32 பிட் எண்ணி 429,49,67,295-ஐ எட்டியதும் சுழியிலிருந்து மீண்டும் தொடங்கும். விநாடிக்கு 10 கோடி பிட் நிரம்பி ஓடும் தடத்தில் இஃது ஆறு நிமிடத்துக்குள் நேர்ந்துவிடும். விடை எதிர்மறையானால் 429,49,67,296-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் மின்சாரம் போய்வந்தாலும் எண்ணி சுழியாகும்! ஆகவே, கருவி எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது என்பதையும் உடன் கேளுங்கள். அந்த நேரம் முன்னதைவிடக் குறைந்திருந்தால், அந்த ஒரு கணக்கைத் தள்ளிவிடுங்கள்.

வீட்டு ரௌட்டர்கள் பலவற்றில் இவ்வசதி இராது. பள்ளி, அலுவலகங்களுக்கான வகைகளில் பெரும்பாலும் உண்டு. பொறுப்பாளரிடம் படிக்கும் உரிமையை மட்டும் கேளுங்கள். மாற்றும் உரிமை வேண்டா. ‘பப்ளிக்’ என்ற சொல்லே கடவுச்சொல்லாக விடப்பட்டிருந்தால், உடனே மாற்றச் சொல்லுங்கள். முதலிரு பதிப்புகளில் அச்சொல் மறைப்பின்றியே கம்பியில் செல்லும். மூன்றாம் பதிப்பில்தான் செய்திகளை மறைத்து அனுப்ப வழியுண்டு.