தீயில் எரியாத வடிகட்டி
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரை)



அறிவியலைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அறிவியல் பெரிய கடல். அதில் ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது வடிகட்டி.

வடிகட்டி உங்களுக்குத் தெரியாததா? ரப்பர் பாலைச் சல்லடையில் ஊற்றினால் சருகும் பட்டைத் தூளும் தங்கிவிடும், பால் மட்டும் இறங்கும். காப்பித் துணியில் தூள் நிற்கும், காப்பி இறங்கும். வேண்டியது போக வழி விடணும், வேண்டாததுக்கு வழி விடக்கூடாது. தத்துவம் அவ்வளவுதான். எல்லாம் ஓட்டையின் அளவில் இருக்கிறது.

இனி செம்பனை எண்ணெய் ஆலையின் புகைபோக்கியைப் பாருங்கள். கொதிகலனில் பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் எரிக்கிறார்கள். புகையோடு சாம்பல் தூசியும் மேலே போகிறது. கொடியில் காயும் வேட்டியில் விழுகிற கரி கண்ணுக்குத் தெரியும், துவைத்தால் போய்விடும். தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்தூசியோ கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு நுரையீரலின் அடிவரை போவது அதுதான்.

நம் நாட்டில் 1978ஆம் ஆண்டு விதிப்படி, இத்தகைய ஆலைப் புகையில் கன மீட்டருக்கு 400 மில்லிகிராம் தூசிவரை இருக்கலாம் என்று இருந்தது. 2014ஆம் ஆண்டு விதி அதை 150 ஆகக் குறைத்தது. சட்டம் போட்டாச்சு; தூசியை எப்படிப் பிடிப்பது? சுழற்காற்றால் பிரிக்கலாம், மின்சாரத்தால் இழுக்கலாம், துணிப்பையால் வடிகட்டலாம். ஆனால் சாதாரண வடிதுணி 150 பாகைச் சூட்டிலேயே கெட்டுவிடும். கண்ணாடி இழைத் துணிகூட ஏறக்குறைய 260 பாகை வரைதான். வாயு 800 பாகையில் வரும் இடங்களும் உலகில் உண்டு. அங்கே எந்தத் துணி நிற்கும்? ஆறவைத்து வடிகட்டலாமே என்பீர்கள். ஆறவைத்தால் அந்த வெப்பம் வீணாகிறது. வெப்பம் என்றால் காசு.

அங்கே நிற்கக்கூடிய பொருள் ஒன்று உண்டு. அது உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். பால் வெட்டும் கத்தியைத் தீட்டுகிற கறுப்புச் சாணைக்கல்லில் பல இதனால் ஆனவைதான். பெயர் சிலிக்கன் கார்பைடு; கடைப் பெயர் கார்போரண்டம். 1891இல் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் செயற்கை வைரம் செய்ய முயன்றார். களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து மின்சாரம் பாய்ச்சினார். வைரம் கிடைக்கவில்லை, வைரத்துக்குக் கொஞ்சம் குறைந்த கடினத்தோடு இந்தப் படிகம் கிடைத்தது. ஐந்தே ஆண்டு கழித்து, 1896இல், நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். நம் தோட்டத் தொழிலும் இந்தக் கல்லும் ஏறக்குறைய ஒரே வயசு!

இன்று மணலையும் கரியையும் கலந்து, 2,000 பாகையைத் தாண்டும் மின்சார உலையில் இதைச் செய்கிறார்கள். நம்மவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். செட்டிநாட்டு முருகப்பா குழுமம் 1954இல் அமெரிக்க, இங்கிலாந்து கம்பெனிகளோடு சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. கேரளத்தின் கொரட்டியில் அதற்குச் சிலிக்கன் கார்பைடு ஆலை உண்டு.

சரி, கல்லில் எப்படி ஓட்டை போடுவது? மிகக் கடினமான பொருள்; துளையிட்டு மாளாது. ஆகவே எரிந்து போகிற ஒன்றை முதலில் உள்ளே வைத்துவிடுகிறார்கள். இதற்கு மூன்று வழிகள் சொல்கிறேன்.

ஒன்று: சிலிக்கன் கார்பைடு மணிகளோடு களிமண்ணையும், எரியக்கூடிய ஒரு தூளையும் கலந்து அழுத்திச் சுடுவது. தூள் எரிந்து போகும். களிமண் மணிகளை ஒட்டிப் பிடிக்கும். இடையிலே துளைகள் நிற்கும்.

இரண்டு: பஞ்சு போன்ற ஸ்பாஞ்சைக் குழம்பில் தோய்த்துப் பிழிந்து, காயவைத்துச் சுடுவது. ஸ்பாஞ்சு எரிந்து போகும். அதன் வடிவம் கல்லாக நிற்கும். அமெரிக்காவில் 1963இல் இதற்குக் காப்புரிமை கொடுத்தார்கள். உருக்கிய இரும்பையே இதில் வடிகட்டி அச்சில் ஊற்றுகிறார்கள்.

மூன்று: மரத்தைக் கரியாக்கி, அதற்குள் உருகிய சிலிக்கனை ஊறவிடுவது. மரத்தின் நுண்குழாய்கள் அப்படியே கல்லிலும் அமையும். கொல்கத்தாவில் உள்ள மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சிக் கழகத்தில் இந்த முறையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

ஓட்டை கூடினால் வாயு சுலபமாகப் போகும், கல் பலவீனமாகும். ஓட்டை குறைந்தால் கல் உறுதியாகும், வாயு போகத் திணறும். இந்த இழுபறிதான் இத்தொழிலின் முழு வித்தை.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிட் என்ற மின்நிலையத்தில் 1992 முதல் 1995 வரை இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் நீளம், உள்ளே குழல். மெழுகுவர்த்தி போன்ற 384 வடிகட்டிகளைத் தொங்கவிட்டார்கள். தூசி வெளியே படியும், சுத்தமான வாயு உள்ளே வரும். அவ்வப்போது உள்ளிருந்து காற்றை வேகமாக அடித்தால் தூசி உதிரும். தூசியை நன்றாகவே பிடித்தன. ஆனால் சாம்பல் வடிகட்டிகளுக்கு இடையே இறுகி அவற்றை நெருக்கியதால் பல முறிந்தன. சிலிக்கன் கார்பைடு மணி உருகவில்லை. ஒட்டிப் பிடித்த களிமண்தான் சூட்டில் மெல்ல இளகியது. பொறியாளர்கள் கைவிடவில்லை. ஒட்டும் பொருளை மாற்றினார்கள், இடைவெளியைத் திருத்தினார்கள்.

2000ஆம் ஆண்டு பிரான்சின் பெஜோ 607 டீசல் காரில் சிலிக்கன் கார்பைடு வடிகட்டி ஏறியது. கரியைப் பிடித்து வைத்து, பிறகு அதை உள்ளேயே எரித்துவிடும். இன்று டீசல் லாரிகளிலும் பஸ்களிலும் கரி வடிகட்டி சாதாரணமாகிவிட்டது. எல்லா ஆலைக்கும் இந்தக் கல் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை, விலை அதிகம். மலிவாகச் செய்ய வழி தேடுகிற வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

மாணவச் செல்வங்களே, அந்த வேலையை ஏன் நீங்கள் செய்யக்கூடாது? இந்த வாரமே தொடங்கலாம். களிமண்ணில் இரண்டு வில்லை பிடியுங்கள். ஒன்றில் கொஞ்சம் மரத்தூள் கலந்துகொள்ளுங்கள். நன்றாகக் காயட்டும். பெரியவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டையும் நெருப்பில் சுட்டு, ஆறிய பிறகு ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எது சீக்கிரம் உறிஞ்சுகிறது, எது சீக்கிரம் உடைகிறது என்று நோட்டில் எழுதுங்கள். டிட் பொறியாளர்கள் செய்ததும் இதுவேதான், அளவு மட்டும் பெரிசு.

பெற்றோர்களே, பிள்ளை மண்ணைப் பிசைந்து அடுப்பங்கரையை அழுக்காக்கினால் அதட்டாதீர்கள். "என்னப்பா கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள், தமிழிலேயே பதில் வரும். ஆலைப் புகையை நம்மவர்கள் எத்தனையோ ஆண்டு சுவாசித்தாயிற்று. அதை வடிகட்டும் வித்தையைக் கற்றவர்களும் நம் பிள்ளைகளில் உருவாகட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.