ஐயோவும் அகராதியும்

'ஐயோ' தமிழ்ச் சொல்தானே? ஆமாம். ஆனால் 2016-இல் அது ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. நம் வாய்ச்சொல் அங்கே போய் உட்கார்ந்திருப்பதில் எனக்குப் பெருமைதான்.

அப்படியானால் வேலைக்கு அனுப்பும் ஆங்கில விண்ணப்பத்தில் 'ஐயோ' போடலாமா? கூடாது. மக்கள் பேசுவதை அகராதி பதிவு செய்கிறது. பதிவானதெல்லாம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம். "பழனி வண்டி போயிருச்சாண்ணே?" என்று கேட்கிறோம். அதில் தப்பே இல்லை. அதே நாம் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதினால் 'போய்விட்டது' என்றுதான் எழுதுகிறோம். கை தானாக மாறிக்கொள்கிறது.

ஆங்கிலமும் இப்படித்தான். 'ஐ வான்ட் டு' என்பதை நண்பனிடம் 'ஐ வானா' என்று சொல்லலாம். வாட்ஸ்அப்பிலும் எழுதலாம். பரீட்சைத் தாளில் முழுசாக எழுத வேண்டும்.

பிள்ளைகள் 'வானா' என்று பேசினால் திட்டாதீர்கள், பெற்றோரே. அது கெட்ட ஆங்கிலம் இல்லை, பேச்சு ஆங்கிலம். சந்தேகம் வந்தால் அகராதியைப் புரட்டச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட சொல்லுக்குப் பக்கத்திலேயே 'பேச்சு வழக்கு' என்று சிறு குறிப்பு இருக்கும். பொருளோடு அந்தக் குறிப்பையும் சேர்த்துப் படிக்கட்டும்.