கடலோரத்தில் ஓர் உழவாரப்பணி



உழவாரம் என்றதும் திருநாவுக்கரசு சுவாமிகளின் திருவுருவமே சைவர் நெஞ்சில் தோன்றும். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெருமான் திருக்கோயில்தோறும் சென்று, திருச்சுற்றில் முளைத்த புல்லைச் செதுக்கி, முள்ளை அகற்றித் தொண்டு புரிந்தார். கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்ட அவரை அலைகள் கொண்டுவந்து சேர்த்த இடம், கடலூர் அருகே கரையேறவிட்ட குப்பம் என்று இன்றும் வழங்கப்படுகிறது. அன்று அடியாரைக் கரைசேர்த்த கடல் இன்று பிளாஸ்டிக் போத்தல்களையும் அறுந்த மீன்வலைகளையும் கரைசேர்க்கிறது.

பினாங்கு, தெலுக் பாகாங்கில் மாசிமகத்தன்று சிங்கமுக காளியம்மனுக்குக் கடலில் தெப்பத் திருவிழா நடைபெறுவதை அன்பர் பலர் அறிவர். அவ்வூரை அடுத்த காட்டினுள், 2003இல் அமைந்த பினாங்கு தேசியப் பூங்காவில், கெராச்சுட் கடற்கரை இருக்கிறது. வாகனச் சாலை கிடையாது. காட்டுவழியே ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும்; அன்றேல் படகேற வேண்டும். பச்சை ஆமைகள் முட்டையிடக் கரையேறும் இடம் அது.

ஊரில்லாத கரையில் குப்பை ஏது என வினவலாம். ஊரில் எறிந்ததை ஆறு கடலில் சேர்க்கிறது. கடல் அதனை எங்கோ ஒரு தனித்த கரையில் ஒதுக்குகிறது. அங்கே துப்புரவுப் பணியாளரும் இல்லை, லாரியும் இல்லை. வெயிலில் நொறுங்கித் துகளாகி அது மணலோடு கலந்துவிடும். மிதக்கும் பையைச் சொறிமீன் என்றெண்ணி விழுங்கி மடியும் கடலாமைகளும் உண்டு.

இத்தகைய கரையில் பொறுக்குவது எளிது. சுமந்து மீள்வதே அரிது. நீர் வற்றும் வேளை பார்த்து இறங்க வேண்டும். பாதி புதைந்த வலை இழுத்தால் வாராது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நனைந்த வலையோ இருவர் தோளுக்கும் பெரும்பாரம். களைப்பு மிகுதியால் மணலைத் தோண்டிப் புதைத்துவிட்டு வருவது தொண்டாகாது. அடுத்த பெருநீர் அதனை வெளிக்கொணரும். தோண்டிய இடத்தில் ஆமை முட்டைகளும் இருக்கக்கூடும். ஒதுங்கிய மரக்கட்டைகளை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும். அவை குப்பையல்ல, சிற்றுயிர்களுக்குப் புகலிடம்.

1986இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் கரையில் தொடங்கிய இத்தொண்டு இன்று உலகெங்கும் பரவியுள்ளது. மும்பையின் வெர்சோவா கரையில் 2015 அக்டோபரில் அஃப்ரோஸ் ஷா என்னும் வழக்கறிஞரும், 84 வயதான அண்டை வீட்டார் ஒருவரும் இருவராகவே தொடங்கினர். வாரந்தோறும் மக்கள் வந்து சேர்ந்தனர். 2018 மார்ச்சில், பல்லாண்டு காணப்படாத பங்குனி ஆமையின் குஞ்சுகள் 80க்குக் குறையாமல் அக்கரையிலிருந்து கடலுக்கு ஊர்ந்து சென்றன. எண்பத்து நான்கு வயதில் குனிந்து குப்பை எடுத்த அம்முதியவரை எண்ணினால், முடியாது என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

தங்காக் கடற்கரை ஊர் அன்று. எனினும் லேடாங் மலைச்சாரலில் பெய்யும் மழை ஓடையாகி, ஆறாகி, மலாக்கா நீரிணையில்தான் கலக்கிறது. திருவிழாப் பந்தலருகே நழுவிக் கால்வாயில் விழும் ஒரு தண்ணீர்ப் போத்தலுக்கும் அதுவே வழி.