சாக்கு வந்த வழி



கடன் சொற்களைப் பற்றிய கருத்தரங்குக்கு ஏன் ஆரணிக்கு வர வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். இந்த ஊர் பட்டுக்குப் பேர் போனது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அதே அளவுக்கு அரிசிக்கும் பேர் போனது. ஒரு தெருவில் தறிச் சத்தம், அடுத்த தெருவில் அரிசி ஆலைச் சத்தம். பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, சரிகை சூரத்திலிருந்து வருகிறது, அரிசி இங்கிருந்து சென்னைக்கும் அதற்கு அப்பாலும் போகிறது. சரக்கு இப்படிப் போய்வரும் ஊரில் சொற்களும் போய்வரும். ஆகவே கடன் சொற்களைத் தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சொல்: சாக்கு.

ஆலைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டுக்கட்டாக வெறுமையாகக் கிடப்பது சாக்கு. அதில் நெல்லைக் கொட்டி வாயைத் தைத்துவிட்டால் அது மூட்டை. விலை பேசுவது மூட்டைக்கு. கிழிந்ததா நல்லதா என்று பார்ப்பது சாக்கை. வாய் தைக்கும் ஊசிக்கு மட்டும் இன்னும் கோணியூசி என்றுதான் பேர். இந்த மூன்று சொற்களுக்குள் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. மூட்டை நம் பழைய சொல். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் மிளகைச் சொல்லும்போது ‘மூடை’ என்கிறது. கோணி இந்தியா முழுவதும் புழங்கும் சொல். சாக்கு கடல் வழியாக வந்தது. மூன்றும் ஒரே ஆலைக்குள், ஒன்றையொன்று தள்ளாமல், தனித்தனி வேலை பார்க்கின்றன. கடன் சொல் வந்தால் சொந்தச் சொல் செத்துவிடும் என்று மேடைதோறும் சொல்லப்படுவதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

சாக்கின் வேர் மேற்கு ஆசியாவில் இருக்கிறது. களிமண் பலகைகளில் எழுதிய அக்காடிய மொழியில் அது ‘சக்கு’. எபிரேயத்தில் ‘சக்’. அங்கிருந்து, பெரும்பாலும் பினீசிய வணிகர்களின் கையால், கிரேக்கத்துக்குப் போய் ‘சாக்கோஸ்’ ஆனது, இலத்தீனில் ‘சாக்குஸ்’. தொடக்கத்தில் அது பையின் பெயராக மட்டும் இருக்கவில்லை. ஆட்டு மயிரில் நெய்த முரட்டுத் துணிக்கும் அதுவே பெயர். அந்தத் துணியைத் தைத்தால் தானியப் பை. அதையே இடுப்பில் கட்டினால் துக்க உடை.

விவிலியத்தின் தொடக்கநூலில் இரண்டுமே வருகின்றன. மகன் இறந்தான் என்று நம்பிய யாக்கோபு இடுப்பில் கட்டிக்கொண்டது ‘சக்’. பிறகு எகிப்தில் அதே மகன் யோசேப்பு, அண்ணன்மாரின் தானியத்தோடு அவர்கள் பணத்தையும் திருப்பி வைக்கச் சொன்னதும் ‘சக்’கில்தான். நம் தேவாலயங்களில் வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இந்த ஒரு சொல்லை இரண்டாகப் பிரித்தது. துக்கத் துணிக்கு ‘இரட்டு’ என்ற சொல்லைப் போட்டது. இரட்டை இழையில் நெய்த முரட்டுத் துணியைக் குறிக்கும் சொல் அது. நெசவு தெரிந்தவர்கள் புழங்கும் இடத்திலிருந்து எடுத்தது. பைக்குச் ‘சாக்கு’ என்று போட்டது. ஐரோப்பாவைச் சுற்றிவிட்டுத் தமிழுக்கு வந்து சேர்ந்த மேற்கு ஆசியச் சொல், தமிழ் விவிலியத்தில், எபிரேயச் ‘சக்’ இருந்த அதே வசனத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் இதை எண்ணிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஊரில் புழங்கிய சொல்லை எடுத்தார்கள். அந்தச் சொல்லின் பயணம் அதனால் ஒரு முழு வட்டமாயிற்று.

இப்போது கிழக்கு ஐரோப்பாவின் ஸ்லாவிய மொழிகள் பக்கம் உங்களை அழைத்துப் போகிறேன். கடன் சொல்லை எப்படி ஆராய வேண்டும் என்பதற்கு அங்கே மிகத் தெளிவான பாடம் இருக்கிறது.

ஸ்லாவியர்களுக்குப் பைக்குச் சொந்தச் சொல் உண்டு. ரஷ்யாவில் இன்றும் சாக்கு ‘மெஷோக்’தான். அது ‘மேஹ்’ என்ற சொல்லின் சிறுமை வடிவம். அதற்குத் தோல், மென்மயிர்த் தோல் என்று பொருள். லித்துவேனிய மொழியில் சாக்குக்கு ‘மைஷஸ்’. இவற்றின் உறவுச் சொல் சமஸ்கிருத ‘மேஷ’, ஆட்டுக்கடா. நம் பஞ்சாங்கத்தின் மேஷ ராசியும் ரஷ்யக் குடியானவனின் தோள் சுமையும் ஒரே குடும்பம். அவர்களுடைய முன்னோரின் பை ஆட்டுத்தோல் பை என்பதை இந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

அப்படியிருந்தும் மேற்கிலும் தெற்கிலும் இருந்த ஸ்லாவியர்கள் ஜெர்மானியரின் ‘சாக்’ என்ற சொல்லைக் கடன் வாங்கினார்கள். நெய்த பை, சந்தையின் பை, அண்டை நாட்டு வணிகரோடு வந்தது. சுலோவேனிய மொழியில் அது ‘ஜாக்கெல்’. ஹங்கேரியர் ஸ்லாவியர் அல்லர். ஆனாலும் அவர்களும் அதை வாங்கி ‘ஜாக்’ என்றார்கள். அவர்களிடமிருந்து செர்பியரும் குரோவாசியரும் பெற்றார்கள். ஜெர்மன் மொழியில் ‘ச’ என்று தொடங்கும் சொல் இங்கே ‘ஜ’ போன்ற ஒலியோடு தொடங்குவானேன்? அந்தக் காலத்துத் தெற்கு ஜெர்மானியர்களின் ‘ஸ்’ ஒலி இன்றுள்ளதைப் போல் இல்லை. நாக்கு சற்றுப் பின்வாங்கி, ஸகரத்துக்கும் ஷகரத்துக்கும் இடையே ஒலித்தது. கேட்டவர்கள் தங்கள் மொழியில் அதற்கு நெருங்கிய ஒலியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே அந்த முதலெழுத்து ஒன்றே, சொல் எந்த வழியாக, எந்தக் காலத்தில் வந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. பிற்காலத்தில் வாங்கிய சொற்களில் இந்த மாற்றம் இல்லை. செக் மொழியில் சிறு பைக்கு வழங்கும் ‘சாச்செக்’ ஸகரத்தோடுதான் இருக்கிறது.

பட்டு நெய்யும் இந்த ஊருக்கு இன்னொரு செய்தி. சுலோவேனிய மொழியில் பட்டுக்கு ஒரு பழைய சொல் ‘ஜீடா’. அது பழைய ஜெர்மானியச் சொல்லான ‘ஸீடா’விலிருந்து வந்தது. அங்கேயும் அதே ஒலி மாற்றம். விலை உயர்ந்த துணியும் மிக மலிவான துணியும் ஒரே வணிகரின் வண்டியில், ஒரே காலத்தில் எல்லை கடந்தன. இரண்டின் மேலும் ஒரே சுங்க முத்திரை விழுந்தது போல ஒரே ஒலி விழுந்திருக்கிறது.

இனி நம் கரைக்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் சாந்தோமிலும் நாகப்பட்டினத்திலும் இருந்தார்கள். அவர்கள் மொழியில் பை ‘சாக்கு’. எழுதும்போது ஈற்றில் ஓகாரம், பேசும்போது உகரம். பின்னர் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். 1658இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பறித்தார்கள். அவர்கள் சொல் ‘ஸக்’. அதற்குப் பை என்றும் சட்டைப்பை என்றும் பொருள். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரின் சொல்லும் வந்தது.

இந்த மூவரில் நாம் யாரிடம் வாங்கினோம்? ஆங்கிலேயரிடம் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். ஒலியைக் கேட்டால் அது பொருந்தவில்லை. ஆங்கில ‘sack’இன் உயிரொலியைத் தமிழர் வாய் பெரும்பாலும் ஏகாரமாக்கும்: பேங்க், பேக், மேட்ச். சாக்கில் இருப்பது தெளிவான ஆகாரம். போர்த்துகீசிய ‘சாவே’ நம்மிடம் சாவி ஆனதும் இதே ஆகாரத்தோடுதான். ககரம் இரட்டித்ததற்குக் காரணம் நம் மொழியில் இருக்கிறது: ஒற்றைக் ககரம் போட்டால் அது மெலிந்து ‘சாகு’ என்று ஒலிக்கும், வல்லொலியைக் காக்க இரட்டித்தார்கள். மலையாளத்திலும் இதே சொல் இரட்டித்த ககரத்தோடு இருக்கிறது. சிங்களத்தில் ‘சாக்குவ’ என்றால் சட்டைப்பை. அந்தப் பொருள் ஒல்லாந்தரின் பொருள். ஆகவே இந்தக் கடற்கரையில் போர்த்துகீசியர் கதவைத் திறந்தார்கள், ஒல்லாந்தர் அதைத் திறந்தபடி வைத்திருந்தார்கள் என்பது என் முடிவு.

ஒல்லாந்தர் நம்மிடம் ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை எடுத்துப் போனார்கள். அது கோணி. பாணினியின் இலக்கணத்திலேயே தானியம் கொட்டி வைக்கும் பையின் பெயராக ‘கோணீ’ வருகிறது. கன்னடமும் மராத்தியும் அதைப் புழங்குகின்றன. சணப்பு நாரில் நெய்த இந்தத் துணி நம் துறைமுகங்களில் கப்பலேறியது. பெயரும் கூடவே ஏறியது. ஆங்கிலத்தில் அது ‘கன்னி’, மலாயில் ‘குனி’, இந்தோனேசியாவில் ‘கோனி’. தென்னாப்பிரிக்காவில் ஒல்லாந்தரின் வழித்தோன்றல்கள் பேசும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் முரட்டுச் சாக்குக்குப் பெயர் ‘கோயிங்சாக்’. முன்பாதி இந்தியாவின் கோணி. பின்பாதி மேற்கு ஆசியாவில் பிறந்த சாக்கு. நம் கிராமங்களில் கோணிச்சாக்கு என்கிறோமே, அதே கூட்டு, அதே வரிசையில். இரண்டு கண்டங்களில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கேளாமல் ஒரே சொல்லைக் கட்டியிருக்கிறார்கள். இதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்த செய்தி இந்த ஆய்வில் வேறில்லை.

1855இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை தொடங்கியது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து ஆலைகளோடு போட்டியிட்டு, வங்கத்துச் சணல் சாக்கு உலகெங்கும் போனது. நம் ஊர்களுக்கும் வந்தது. உணவு தானியத்தைச் சணல் சாக்கில் கட்ட வேண்டும் என்பதற்கு 1987இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். இன்று பிளாஸ்டிக் இழையில் நெய்ததையும் சாக்கு என்றுதான் சொல்கிறோம். ஆட்டு மயிர், சணப்பு, சணல், பிளாஸ்டிக் என்று பொருள் மூன்று முறை மாறிவிட்டது. பெயர் நிற்கிறது.

ஆய்வாளர்களுக்கு, அதிலும் இளைஞர்களுக்கு, ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒலி ஒத்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். சாக்குப்போக்கில் உள்ள சாக்கு வேறு. சிலப்பதிகாரத்தில் கூத்தாடும் சாக்கையன் வேறு. ‘சாக்கு’ தமிழிலிருந்து மேற்கே போனது என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அக்காடியப் பலகைகளும், கிரேக்கத்தின் வழியும், நம் இலக்கியத்தின் ‘மூடை’யும் அதற்கு எதிர்ச்சாட்சி. தமிழ்மேல் பற்றுள்ளவன் என்பதாலேயே இதைச் சொல்கிறேன். கோணி கப்பலேறியதற்குச் சான்று உண்டு, அதைச் சொல்வோம். சான்றில்லாததைச் சொன்னால், சான்றுள்ளதையும் உலகம் நம்பாது.

ஆரணித் தறிக்குத் திரும்புகிறேன். பாவு, ஊடை, அச்சு, கோர்வை ஆகியவற்றோடு சரிகையும் ஜக்கார்டும் ஒரே வாக்கியத்தில் இங்கே வருகின்றன. சரிகையின் வேர் பொன்னைக் குறிக்கும் பாரசீகச் ‘ஸர்’. ஜக்கார்டு, 1804இல் பிரான்சின் லியோன் நகரில் அந்தக் கருவியை அமைத்தவரின் பெயர். ஜக்கார்டுக்குத் துளையிட்ட அட்டைகளைக் கோக்கும் நெசவாளர் அதற்குரிய வினைகளையெல்லாம் தமிழிலேயே ஆக்கிக்கொண்டிருக்கிறார். அட்டை அடிக்கிறார், அட்டை கோக்கிறார். மராத்திய ஜாகீர்தார்கள் ஆண்ட ஊர் இது. சத்தியவிஜயநகரத்து மாளிகை இன்னும் நிற்கிறது. அவர்களுடைய அரண்மனையோடும் வரிக்கணக்கோடும் வந்த சொற்கள் எந்தத் தெருவில் தங்கின என்று தெருத்தெருவாகக் கேட்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் 6 தொகுதிகள் 1936இல் முடிந்தன. அதன் பிறகு தறியில் ஏறிய சொல்லுக்கும், அரிசி ஆலைக்குள் நுழைந்த சொல்லுக்கும் அதில் இடமில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. இந்தக் கருத்தரங்கு முடியும் முன், கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரும் ஒரு தறிக்கூடத்திலாவது ஓர் அரிசி ஆலையிலாவது உட்கார்ந்து, அங்கே புழங்கும் சொற்களை அந்தக் கருவியின் படத்தோடும், சொல்கிறவரின் தெருவோடும் தொழிலோடும், அவர் அதை எந்த வயதில் யாரிடம் கற்றார் என்ற குறிப்போடும் எழுதி வாருங்கள். குழித்தறியில் கற்ற முதியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போங்கள். அவர்களைப் பேசவிட்டு, நீங்கள் கேளுங்கள்.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.